சாவியை யாரிடம் கொடுப்பது?

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பையன் உள்ளே இருந்து வந்தான். வெகு சாதாரணமாக, "மாமா, நான் ஒரு அநாதையைத் தத்து எடுத்திருக்கேன்" என்றான்.

பையனுக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறது. அக்கா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். அத்தான் முகத்தை மறைத்திருந்த பத்திரிகையைக் கீழே இறக்கினார்.

"பயப்படாதேம்மா, குழந்தை இல்லை. ஒரு பாக்கேஜ்" என்றான் அவன்.

அக்காவின் மூச்சு திரும்பி வந்தது. எனக்கு ஆவல் பிறந்தது. மணிக்கணக்கில் கேள்வி கேட்டு அன்று அவனிடம் தெரிந்துகொண்டதை, வாசகர்களுக்குத் தலைவலி தராத அளவுக்குச் சுருக்கிச் சொல்கிறேன். இது கம்ப்யூட்டர் விஷயந்தான். ஆனால் அதற்குள் ஒரு பழைய தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது.

டெபியன் என்று ஒரு மென்பொருள் தொகுதி இருக்கிறது. கம்ப்யூட்டரை இயக்குவதற்கு வேண்டிய அடிப்படை முதல், கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் வேண்டிய கருவிகள் வரை எல்லாம் அதில் அடக்கம். விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலை மாணவராக இருந்த இயன் மர்டாக் என்பவர் இதை ஆரம்பித்தார். தம் சிநேகிதி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து இதற்கு வைத்தார். பின்னால் அவர்கள் மணந்துகொண்டார்கள், பிரிந்தும் போனார்கள். 2015-இல் மர்டாக் காலமும் ஆகிவிட்டார். பெயரில் இருக்கிற சேர்த்தி மட்டும் பிரியவில்லை. 2013-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள மடிக்கணினிகளையே இதற்கு மாற்றினார்கள் என்றால், இது ஏதோ பொழுதுபோக்குச் சமாசாரம் இல்லை என்பது விளங்கும்.

2023 ஜூனில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பில் 64,000-க்கு மேற்பட்ட பாக்கேஜ்கள் இருந்தன. பாக்கேஜ் என்பதைப் பொட்டலம் என்றே சொல்லிவிடலாம். பருப்பை விளைவிப்பவர் ஒருவர். அதை வாங்கிக் கல் பொறுக்கி, புடைத்து, நிறுத்து, கட்டி, மேலே பெயர் எழுதி வைப்பவர் இன்னொருவர். மென்பொருளை எழுதினவர் எங்கோ இருப்பார். அதை டெபியனோடு ஒத்துப்போகும்படி கட்டித் தருகிறவர்தான் பொட்டலத்தின் பொறுப்பாளர். மூலத்தில் புதுப் பதிப்பு வந்தால் இவர் பொட்டலத்தையும் புதுப்பிக்க வேண்டும். பிழை என்று யாராவது எழுதினால் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. சில கம்பெனிகள் தங்கள் ஊழியர்களை இந்த வேலை செய்ய விடுவதுண்டு. அக்கா பையனுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. பகலெல்லாம் வேறொரு கம்பெனியில் உழைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் இதற்கு உட்கார்வான்.

ஒரு பொறுப்பாளர் விலகிப்போனால் அவருடைய பொட்டலத்தை 'அநாதை' என்று அறிவித்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள். வேறொருவர் எடுத்துக்கொண்டால் அது 'தத்து'. இந்த வார்த்தைகள் நாவலாசிரியனின் கைச்சரக்கு அல்ல. ஆங்கிலத்தில் அவர்கள் வழங்குகிற பதங்களே இவைதான். பழைய படக்கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் சிறு கருவி ஒன்றைப் பையன் வெகு நாளாக உபயோகித்து வந்தானாம். அது அநாதைப் பட்டியலில் கிடப்பதை ஒருநாள் பார்த்திருக்கிறான். மனசு கேட்கவில்லை. எடுத்துக்கொண்டான்.

எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் ஆயிற்றா? புதியவன் கட்டிய பொட்டலத்தை அவனே களஞ்சியத்தில் வைத்துவிட முடியாது. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் பிரித்துப் பார்த்து, தம் பொறுப்பில் உள்ளே அனுப்ப வேண்டும். இவனுக்கு அப்படி வாய்த்தவர் ஜெர்மனியில் இருக்கிறார். நான்கு முறை திருப்பி அனுப்பினார். ஒரு கோப்பை எழுதினவர் பெயர் உரிமை விவரத்தில் விட்டுப்போயிருந்தது என்று ஒரு தடவை. அந்த ஆசிரியரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் அவர் பெயர் இருந்தாக வேண்டும் என்றாராம். எனக்கு அந்த ஜெர்மானியர் மீது உடனே மரியாதை ஏற்பட்டுவிட்டது.

ஐந்தாவது முறை பொட்டலம் உள்ளே போயிற்று. போனதும் 'ஸித்' என்ற முதல் கட்டில் நிற்கும். 'டாய் ஸ்டோரி' சினிமாவின் பாத்திரங்களைத் தங்கள் பதிப்புகளுக்குப் பெயராக வைப்பது டெபியன்காரர்களின் வழக்கம். அந்தச் சினிமாவில் பொம்மைகளை உடைக்கிற அடுத்த வீட்டுப் பையன் பெயர் ஸித். அங்கே சில நாள் உடையாமல் தாக்குப்பிடித்தால் அடுத்த கட்டுக்குப் போகும். முழு உறுப்பினராக வேண்டுமானால் இன்னும் சோதனைகள் உண்டு. கொள்கையைப் பற்றியும் நடைமுறையைப் பற்றியும் கேள்விகள் கேட்பார்கள். நீ நீதான் என்பதற்கு ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்த டெபியன் மகாநாட்டுக்கு இவன் வேடிக்கை பார்க்கப் போனபோது, பல தேசத்து மனிதர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு நின்றார்களாம். பெண் பார்க்கிற இடத்தில்கூட இவ்வளவு விசாரணை நடக்காது என்றான்.

"எல்லாம் சரி, இதிலே உனக்கு என்ன கிடைக்கும்?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் கிடைக்காதும்மா" என்றான் பையன், ஏதோ பதவி கிடைத்ததைச் சொல்வதுபோல.

ஆடி மாதம் அவனே என்னைத் தேடி வந்தான். முகத்தில் அந்தப் பொங்கல் களை இல்லை. எந்த தேசத்திலோ இருக்கிற ஒருவர், பெரிய படங்களைக் கொடுத்தால் கருவி நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். இவனுக்கு ஆபீசில் வேலை நெரித்த சமயம். மூன்று வாரம் பதில் போடவில்லை. நாலாவது வாரம் அந்த மனிதர் மறுபடி எழுதினார். முடியாதவன் எதற்காக இந்த வேலையை எடுத்துக்கொண்டாய், இடத்தைக் காலி செய் என்பது அதன் சாரம்.

"நான் என்ன இவர்கிட்டே சம்பளம் வாங்கற ஆளா மாமா? இவர் ஒரு காசு கொடுத்திருப்பாரா? நாவல் எழுதறீங்களே, நீங்களே நியாயம் சொல்லுங்க. விட்டுடலாமான்னு இருக்கு."

நான் உடனே பதில் சொல்லவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டேன். அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

யாரும் கேட்காமல், கூலியும் இல்லாமல் ஒருவன் ஒரு வேலையை ஏற்றுக்கொள்கிறான். அது அவனுக்குக் கடமை ஆகிவிடுமா? ஆகும் என்றால், எந்தக் கயிறு அவனைக் கட்டுகிறது?

டெபியன்காரர்களே இதை யோசித்திருக்கிறார்கள். 1998-இல் தங்களுக்கென்று ஓர் அரசியல் சட்டம் வகுத்துக்கொண்டபோது, தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: இந்தச் சட்டம் யாரையும் எந்த வேலையும் செய்யும்படி கட்டாயப்படுத்தாது, ஒப்படைத்த வேலையாக இருந்தாலும் செய்ய மனம் இல்லாதவர் செய்ய வேண்டியதில்லை, ஆனால் முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு விரோதமாக வேலை செய்யக் கூடாது. எந்த ஆபீசிலும் இப்படி ஒரு விதியைப் பார்க்க முடியாது. சட்டப்படி பார்த்தால் பையன் பக்கந்தான் நியாயம்.

உலக வழக்கும் அவனுக்கு அனுகூலமாகவே பேசுகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் பாட்டிமார் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரதிபலன் கருதாத உபகாரத்துக்கு வள்ளுவர் மழையை உதாரணம் காட்டினார். மழைக்கு உலகம் என்ன திருப்பிக் கொடுத்துவிட்டது? பெய்தால் கும்பிடுகிறோம், பெய்யாவிட்டால் மழையின் பேரில் வழக்கா போடுகிறோம்?

இதுவரை யோசனை சுகமாகத்தான் போயிற்று. இங்கே ஒரு பழைய சாவி நினைவுக்கு வந்து அதைக் கெடுத்துவிட்டது.

எனக்கு இருபத்துமூன்று வயதிருக்கும்போது எங்கள் ஊரில் ஒரு வாசகசாலைக்குக் காரியதரிசியாக இருந்தேன். கௌரவக் காரியதரிசி, அதாவது சம்பளம் இல்லாதவன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. முன்பு இருந்தவர் தள்ளாதவராகிவிட்டார்; நானே போய்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அறுநூறு புத்தகங்கள், ஒரு பெஞ்சு, இரண்டு நாற்காலிகள். தினம் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பேன், எட்டு மணிக்குப் பூட்டுவேன். ஒன்றரை வருஷம் ஒழுங்காகச் செய்தேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும். பிறகு சென்னையில் ஒரு பத்திரிகையில் இடம் கிடைத்தது. அவசரமாகக் கிளம்பினேன். சாவி என் டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டது. 'அடுத்த வாரம் வந்து ஒப்படைக்கிறேன்' என்று ஒரு கார்டு போட்டேன். அடுத்த வாரம் வரவில்லை. அடுத்த வாரம் என்பது இரண்டு வருஷம் ஆயிற்று.

ஒருநாள் போய்த் திறந்தேன். அலமாரியில் புத்தகங்கள் வரிசை கலையாமல் நின்றன. ஒன்றை எடுத்தேன், அட்டை கையோடு வந்தது, உள்ளே மண். கரையான். தினம் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிற ஒரு தையற்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் திட்டவில்லை. "வரமுடியலைன்னு ஒரு கார்டு போட்டிருந்தீங்கன்னா நாங்க வேற ஆளைப் பார்த்திருப்போம், தம்பி. வரேன்னு போட்டிருந்தீங்க. அதனால பூட்டை யாரும் தொடலை" என்றார்.

அவர் சொன்னதில்தான் என் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் கழித்து இப்போது தோன்றுகிறது. நான் வாசகசாலைக்குச் செய்த தீங்கு, வேலை செய்யாமல் இருந்தது அல்ல. வேலை செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தால் யாராவது வந்து உட்காருவார்கள். என் மேல்துண்டு அதன்மேல் கிடந்தது. மரியாதைக்காரர்கள் யாரும் அதை எடுத்துக் கீழே போடவில்லை. மழைக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் இதுதான். மழை வருகிறேன் என்று கார்டு போடுவதில்லை. மனிதன் போடுகிறான். போட்ட உடனே அதை நம்பி ஒருவன் வேறு ஏற்பாடு செய்யாமல் இருந்துவிடுகிறான். அந்த நம்பிக்கைதான் கயிறு. கூலி வாங்கினோமா இல்லையா என்பது அப்புறம்.

ஆகவே, எடுத்துக்கொள்ளும் வரையில் பையன் சுதந்திர மனிதன். பொட்டலத்தின்மேல் தன் பெயரை எழுதிய கணம் முதல் அவன் கொஞ்சம் கட்டுப்பட்டவன்தான்.

சரி, எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவன்? தவறே செய்யக் கூடாது என்ற அளவுக்கா? அப்படியானால் ஒருவரும் முன்வர மாட்டார்கள். இதற்கு டெபியன் சரித்திரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2006-இல், ரகசியமாகச் செய்தி அனுப்பப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் பொட்டலத்தில் அதன் பொறுப்பாளர் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். சோதனைக் கருவி அந்த வரிகளைச் சந்தேகத்துக்குரியவை என்று காட்டிக்கொண்டே இருந்தது. அவர் தாமாகத் துணிந்தும் செய்யவில்லை. மூலத்தை எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் கேட்டுப் பார்த்தார். வந்த பதில் தடை சொல்வதாக இல்லை. ஆனால் அந்த இரண்டு வரிகளில் ஒன்று, ரகசியச் சாவிகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல் இருப்பதற்கு ஆதாரமான வரி. அதை எடுத்தபின், எண்ணித் தீராத விதங்களில் உண்டாக வேண்டிய சாவிகள் ஒவ்வொரு வகையிலும் முப்பத்திரண்டாயிரம் சொச்சத்துக்குள் அடங்கிவிட்டன. ஊர் முழுவதும் பூட்டு விற்றுவிட்டு, சாவி மட்டும் ஒரு கொத்துக்குள் அடங்குவதுபோல. ஒன்றரை வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 2008 மே மாதம், டெபியனைச் சேர்ந்த லூசியானோ பெல்லோ என்ற இன்னொரு தொண்டர் கண்டுபிடித்தார். உடனே உலகத்துக்குப் பகிரங்கமாக அறிவித்து, அந்தக் காலத்தில் உண்டாக்கிய சாவிகளையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997-இல் அவர்கள் எழுதிவைத்த சமூக ஒப்பந்தத்தில் ஒரு வாக்கு இருக்கிறது. அது இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான் எழுதப்பட்டது போலும்.

நல்லெண்ணம் இருந்தது, கேட்டும் பார்த்தார், அப்படியும் தவறிற்று. இதற்காக அந்த மனிதரைத் தூக்கில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தவறாமல் இருப்பேன் என்று எந்த மனிதனும் வாக்குக் கொடுக்க முடியாது. தவறினால் மறைக்க மாட்டேன் என்று கொடுக்க முடியும். தொண்டு செய்கிறவனிடம் நாம் கேட்கக்கூடியது அதுதான்.

இவ்வளவும் பொறுப்பாளனின் கடமை. இனி, எதிர்ப்பக்கத்தில் நின்று திட்டுகிறவரின் கடமை. இதைச் சொல்லாமல் விட்டால் என் தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

கோப்புகளைச் சுருக்குவதற்கு எக்ஸ்இஸட் என்று ஒரு மென்பொருள். எழுதிப் பராமரித்து வந்தவர் பின்லாந்துக்காரர் ஒருவர்; சம்பளமில்லாத பொழுதுபோக்காகச் செய்துவந்தவர். உலகத்தில் கணக்கற்ற கம்ப்யூட்டர்கள் அதை நம்பி இருந்தன. 2022 வாக்கில் அவர் வேலை மெதுவாயிற்று. ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று சில பேர் விடாமல் நச்சரித்தார்கள். வெகு நாளாக மனநலம் சரியில்லை, இது கூலியில்லாமல் செய்கிற காரியம் என்று அந்த மனிதர் எல்லோரும் பார்க்கும்படி எழுதினார். அதைப் படித்தபின்னும் நச்சரிப்பு நிற்கவில்லை. அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வெகு பணிவாக, பொறுமையாக, நல்ல திருத்தங்களாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். களைத்தவன் தோளில் இருந்த சுமையை ஒரு கை தாங்கினால் யார் வேண்டாம் என்பார்கள்? பொறுப்பில் பங்கு கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, 2024 தொடக்கத்தில் அந்தக் கை மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தது. அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று துருவிப் பார்த்ததில் அது வெளிப்பட்டது. டெபியனின் சோதனைக் கட்டுகள் வரைக்கும் வந்துவிட்டது. எல்லோரும் நம்பி உபயோகிக்கும் நிலையான பதிப்புக்குள் நுழையவில்லை. அரை வினாடியைப் பொருட்படுத்த ஒரு மனிதர் இருந்தார், பிழைத்தோம்.

நச்சரித்தவர்கள் கள்ளனின் கூட்டாளிகளாகவே இருக்க வேண்டும் என்பது விஷயம் தெரிந்தவர்கள் பலருடைய அபிப்பிராயம். இருக்கட்டும். ஆனால் அவர்கள் பேச்சு ஏன் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை? நல்லவர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதனால். சம்பளம் வாங்காதவனை விரட்டுவது அங்கே சகஜமாக இருந்தது. கள்ளன் அந்தச் சகஜத்துக்குள் வந்து ஒளிந்துகொண்டான். பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் தப்பில்லை என்றுகூட நான் சொல்வேன். அந்த மாட்டை நம்பித்தானே வண்டி கட்டியிருக்கிறோம்? ஆனால் வண்டி கட்டினவன் ஒருநாளாவது புல் போட்டானா என்பதையும் கேட்க வேண்டும்.

பையனை மறுநாள் வரச் சொல்லி இவ்வளவையும் சொன்னேன். கடைசியில், "நீ விட்டுவிடலாம். தாராளமாக விடலாம். அதற்கு அந்த மனிதர் உத்தரவோ, என் உத்தரவோ வேண்டாம். ஆனால் ஓடிப்போகக் கூடாது. விடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அநாதைப் பட்டியலில் உன் கையால் எழுதிவிட்டுப் போக வேண்டும். விடாமல் இருக்கிறாய் என்றால், எவ்வளவு முடியும் என்று உண்மையைச் சொல்லிவிட்டு இரு" என்றேன்.

"முடியலைன்னு சொல்ல வெக்கமா இருக்கு மாமா" என்றான்.

எனக்கும் அன்று அந்த வெட்கந்தான் இருந்தது. 'அடுத்த வாரம் வருகிறேன்' என்ற கார்டை எழுதினது ஆசையோ மறதியோ அல்ல, அந்த வெட்கம். கரையான் அதற்குப் பின்னால் வந்ததுதான்.

அன்று இரவே அவன் அந்த மனிதருக்குப் பதில் எழுதினான். தாமதத்துக்கு வருந்துகிறேன், வேலை நாட்களில் என்னால் முடியாது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், அதற்குள் உங்களுக்குத் திருத்தம் தெரிந்தால் அனுப்புங்கள் என்று நாலே வரி. கூடவே, உதவி தேவை என்று அறிவிப்பதற்கு டெபியனில் ஒரு பட்டியல் இருக்கிறதாம். அதிலும் தன் பொட்டலத்தின் பெயரைச் சேர்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பிழைதான் தீர்ந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. உதவிக்கு இதுவரை யாரும் வரவில்லை. அந்த மனிதரிடமிருந்து பதிலும் இல்லை. ஆனால் அறிவிப்பு எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. வருகிறவன் யார், எப்படிப்பட்டவன் என்று பார்த்துப் பங்கு கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு இப்போது தெரியும்.

வாசகசாலைச் சாவி இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அந்தக் கட்டிடம் இல்லை. இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. தையற்காரரும் போய்விட்டார். இன்றைக்கு அதை ஒப்படைக்கலாம் என்று நான் நினைத்தாலும் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது. பையன் போகும்போது அதை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டான்.